மறந்த மாத்திரை



மனச்சோர்வுக்கு மருந்துண்பதை நாம் ஓராண்டு காலம் துணைவியாரிடமும் மறைத்தோம். புத்தகங்களுக்குப் பின்னே ஒளித்த மாத்திரை கண்ணிற் படாமையால், இரவுப் பணி நாட்களில் அதை மறந்தோம். ஒருமுறை மூன்று நாள் விட்டுப்போயிற்று. தலைசுற்றியது, உறக்கம் அகன்றது. அச்சமுற்று இரண்டு மாத்திரைகளைச் சேர்த்து விழுங்க எண்ணினோம். நல்வினைப் பயனாக, முதலில் மருத்துவரைக் கேட்டோம்.

அவர் கூறியது: மறந்தது அன்றே நினைவு வந்தால் உண்ணலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுக, இரட்டித்தல் கூடாது. பல நாள் விடுபட்டால் மருத்துவரைக் கேட்க வேண்டும். இம்மருந்து பயன் தரவே சில வாரங்கள் ஆகும். நலமடைந்த பின்னும் ஆறு திங்களாவது தொடர்வது வழக்கம். தாமே திடீரென நிறுத்துவது தீங்கு.

அன்றிரவே துணைவியாரிடம் உண்மையைச் சொன்னோம். இப்போது காலையில் நாட்காட்டித் தாளை அவர் கிழிக்கிறார்; கிழித்த கையோடு மாத்திரையைத் தருகிறார். மறதி அரிதாயிற்று.

அன்பர்களே, நீரிழிவு மாத்திரையை எவரும் ஒளிப்பதில்லை. இதை மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்? நம் நகரில் எர்ரகட்டா அரசு மனநல மருத்துவமனை உண்டு. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணைக் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம். துன்புறுவோர் தயங்காது நாடுக.