சினைக் காலத்தில் ஸ்டீராய்டு ஊசி



மாடு நொண்டினால், தீனி எடுக்காவிட்டால், "போன தடவை போட்ட ஊசியையே போட்டு விடுங்க" என்று கேட்பது நம் வழக்கம். அந்த ஊசி டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தாக இருக்கலாம். மாடு சினையாக இருந்தால்?

நாள் நெருங்கியதும் வயிற்றிலுள்ள கன்றின் உடம்பிலேயே இந்த வகைச் சுரப்பு கூடுகிறது. 'வெளியே வரத் தயார்' என்று கன்று தாய்க்குச் சொல்லும் சேதி அது. நிறைசினை மாட்டுக்கு அதையே ஊசியில் ஏற்றினால், நாளாகுமுன்பே ஈன்றுவிடும். நஞ்சுக்கொடி விழாமல் தங்கிப் போவதும் உண்டு.

இந்த ரகசியத்தைச் சொல்லிக் கொடுத்தது செம்மறி ஆடுதான். நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற பிரசவ மருத்துவர், வயிற்றிலிருந்த ஆட்டுக்குட்டிகளுக்கு இம்மருந்தைச் செலுத்திப் பார்த்து 1969-ல் எழுதினார். குட்டிகள் முன்கூட்டியே பிறந்தன. பிழைக்காது என்று நினைத்த குட்டி மூச்சு விட்டது! நுரையீரல் முன்னதாகவே பக்குவப்பட்டிருந்தது. பிறகு அவரும் ஹோவி என்ற மருத்துவரும் 282 தாய்மார்களிடம் செய்த சோதனையை 1972-ல் வெளியிட்டார்கள். குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலும் சாவும் குறைந்தன.

சரி, பிற்காலத்தில் கெடுதல் வராதா? காலத்தைப் பொறுத்தது. ஆட்டுக்குச் சினை ஐந்து மாதம். ஆஸ்திரேலியாவில் முதல் மாதத்திலேயே இரண்டு நாள் மட்டும் மருந்து கொடுத்த ஆடுகளின் குட்டிகளுக்கு, வளர்ந்த பின் ரத்தக்கொதிப்பு வந்ததை 1998-ல் எழுதினார்கள். இரண்டு மாதம் கடந்து கொடுத்தபோது அப்படி வரவில்லை. 1972 சோதனைக் குழந்தைகளை 30 வயதில் பார்த்தபோது ரத்த அழுத்தம் மற்றவர்களைப் போலவே இருந்தது. இன்சுலின் சுரப்பில் மட்டும் சிறு மாறுதல். இது 2005-ல் வெளிவந்தது.

உரத்தைக்கூடப் பருவம் பார்த்து, அளவு பார்த்துத்தானே போடுகிறோம்? மருந்தும் அப்படித்தான்.

ஆகவே, கால்நடை மருத்துவர் வந்ததும் முதலில் "மாடு இத்தனை மாதச் சினைங்க" என்று சொல்லுங்கள். ஸ்டீராய்டை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

வீட்டுப் பெண்கள் விஷயத்திலும் கவனம் வேண்டும். குறைப்பிரசவம் ஆகலாம் என்று ஆஸ்பத்திரியில் இந்த ஊசி போடச் சொன்னால் பயந்து மறுக்காதீர்கள். பிள்ளை உயிர் பிழைக்கும் வழி அது. ஆனால் மூட்டுவலிக்கு, அரிப்புக்கு என்று கடையில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிக் கர்ப்பிணிக்குக் கொடுக்காதீர்கள். ஆஸ்துமாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்ததைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, அவரையே கேளுங்கள்.