சீழ்க்கை அடங்கிய பின்



பத்தாண்டு நிறைவு விழாவில் கவிதையை விட்டு வானொலிப் பெட்டியைப் பற்றிப் பேசுகிறேனே என்று நீங்கள் வியக்கலாம். நான் பேச வந்தது கேட்டலைப் பற்றித்தான். வள்ளுவர் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். எனக்கு அப்பாடத்தை நடத்தியது ஓர் ஒற்றை வால்வு.

சென்னையில் வானொலி பிறந்ததே ஆர்வலர் கைகளில்தான். சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924-இல் தோன்றிய சென்னை மாகாண வானொலிக் கழகம், 40 வாட் ஆற்றலுள்ள சிறு கருவியோடு அவ்வாண்டே ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பொருள் முடையால் 1927-இல் அது ஓய்ந்தது. கருவியைப் பெற்றுக்கொண்ட மாநகராட்சி 1930 முதல் ஒலிபரப்பை நடத்திற்று. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-இல் வந்தது.

அந்த ஆர்வத்தின் ஒரு பொறி 1960-களில் கோவளத்துக் குப்பத்தில் என்னையும் பற்றிக்கொண்டது. பின்னாளில், 1985-இல், தீக்கிரையான மூர் மார்க்கெட்டின் பழைய பொருட்கடைகளில் ஒரு வால்வும் கண்டென்சரும் ஹெட்போனும் வாங்கினேன். அட்டைக் குழலில் செப்புக் கம்பியை நானே சுற்றினேன். தென்னைக்கும் கூரைக்கும் இடையே ஏரியல் ஏறிற்று. உப்புக் காற்றில் இணைப்புகள் பச்சை பூத்தன; சுரண்டிச் சுரண்டி மீண்டும் ஈயம் வைத்தேன்.

ஒற்றை வால்வு தொலைதூரக் குரலைப் பிடிப்பது எப்படி? எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1912-இல் கண்ட வழி அது. வால்வு பெருக்கிய அலையில் ஒரு பகுதியை, மற்றொரு சுருளின் வழியே, வந்த இடத்திற்கே திருப்பி ஊட்டினால் மெல்லிய குரல் பன்மடங்கு வலுக்கும். ஊட்டம் மிகுந்தாலோ கருவி தானே சீழ்க்கையடிக்கத் தொடங்கும். அப்போது அது கேட்கும் கருவியன்று, ஒரு சிறு ஒலிபரப்பி. ஏரியல் வழியே அண்டை வீட்டுப் பெட்டிகளிலும் அச்சீழ்க்கை பாயும்.

ஐப்பசி மாதத்து ஓர் இரவு. நிலையம் சிக்கிய களிப்பில் ஊட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வாசலில் வந்து நின்றார். குப்பத்தில் வானொலிப் பித்துப் பிடித்தவன் நான் ஒருவனே என்பது அவருக்குத் தெரியும்.

“தம்பி, உன் பெட்டிய கொஞ்சம் நிறுத்துப்பா. புயல் சேதி படிக்கிறாங்க, ஒண்ணும் வெளங்கல. பையன் கடல்ல இருக்கான்” என்றார்.

அவர் சினந்திருந்தால் மறந்திருப்பேன். கைகூப்பி நின்றார். மகன் விடியலில் கரை சேர்ந்தான். அதுவரை நானும் உறங்கவில்லை.

பின்னர்தான் கற்றேன். சீழ்க்கை எழுவதற்கு மயிரிழை முன்னே நிறுத்தினால், அங்கேதான் குரல் மிகத் தெளிவாகக் கேட்கும்.

கவிஞனுக்குள்ளும் அத்தகைய சுருள் ஒன்று உண்டு. அஃது இல்லையேல் உலகின் மெல்லிய குரல்கள் அவனுக்கு எட்டா. அது மிஞ்சினால் தன் சீழ்க்கையன்றி வேறொன்றும் அவன் செவியில் விழாது. பிறரையும் கேட்க விடான். இவ்வட்டத்தைப் பத்தாண்டுகள் நிலைக்கச் செய்தவை, ஒருவர் படிக்க மற்றவர் கேட்டிருந்த மாலைகளே. இனிவரும் ஆண்டுகளிலும் அவரவர் குமிழை அவ்வப்போது சற்றே பின்னோக்கித் திருப்புவோம். கடலில் இருக்கும் மகனுக்காகச் செவி சாய்த்திருப்பவர் நம் பக்கத்து வீட்டிலேயே இருக்கலாம்.