பித்தப்பைக் கற்களும் ஆகாரமும்

(பெண்ணாடத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



சங்கக் கணக்குப் பார்க்க வந்தவன் வியாதியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். வைத்தியச் செலவுக்காகக் கடன் கேட்டு வருவோரை நான் அடிக்கடி காண்கிறேன். அச்செலவிற் பெரும்பகுதி காலதாமதத்தால் விளைவது.

கல் என்றவுடன் நம்மவர் வாழைத்தண்டுச் சாற்றைத் தேடுகின்றனர். அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்படுவது. பித்தப்பைக் கல் வேறு. ஈரலுக்கு அடியிலுள்ள இச்சிறு பை பித்தநீரைத் தேக்கி வைத்து, கொழுப்புள்ள ஆகாரம் உட்சென்றவுடன் சுருங்கி, அதனைக் குடலுக்கு அனுப்புகிறது. பித்தநீரில் கொலஸ்டிரால் மிகுந்தாலும், பை நெடுநேரம் சுருங்காதிருந்தாலும் படிவு உண்டாகிக் கல்லாகிறது. ரயில்வே ஊழியர்களை ஆராய்ந்து மல்ஹோத்ரா என்னும் டாக்டர் 1968-ல் வெளியிட்ட கட்டுரையில், இந்நோய் தென்னாட்டாரைவிட வடநாட்டாருக்குப் பன்மடங்கு அதிகமெனக் கண்டார். எனினும் நமக்கு இல்லையென்று இருந்துவிடலாகாது. இரத்தத்தின் சாயப்பொருளால் உண்டாகும் கறுப்புக் கற்கள் தென்னாட்டில் மிகுதி. அவற்றுக்கு ஆகாரம் மட்டுமே காரணமன்று.

ஸ்திரீகளுக்கே இது அதிகம். பல முறை கருவுற்றவர்களுக்கு இன்னும் அதிகம். வீட்டார் அனைவரும் உண்டபின் எஞ்சியதைப் பிற்பகலில் உண்ணும் வழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. காலை ஆகாரத்தை விடாதீர்கள். கம்பு, கேழ்வரகு, கீரை, பயறு ஆகியவற்றைச் சேர்த்து, வனஸ்பதியையும் பொரித்த பண்டங்களையும் இனிப்பையும் குறையுங்கள். எண்ணெயை அறவே ஒழிக்க வேண்டியதில்லை. பை சுருங்க அதுவும் சிறிது வேண்டும். உடம்பை இளைக்க வைக்கப் பட்டினி கிடந்து விரைவாக மெலிபவர்க்கும் கல் உண்டாகிறது.

ஆனால் உண்டான கல்லை எந்த ஆகாரமும் கரைக்காது. எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் வெளிப்படும் பச்சை உருண்டைகள் கற்களல்ல. எண்ணெய் குடலில் மாறியுண்டாகும் சவர்க்காரக் கட்டிகளே.

உபத்திரவம் தராத கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். உணவுக்குப் பின் மேல்வயிற்றில் வலது பக்கம் வலி எழுந்து தோள்வரை பரவினால் டாக்டரிடம் காட்டுங்கள். வலியோடு குளிர்ஜுரமும் மஞ்சள் காமாலையும் கண்டால், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து நாட்களைக் கழிக்க வேண்டாம். கல் பித்தக்குழாயை அடைத்திருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து. அன்றே விருத்தாசலம் அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

அவசரமில்லாத ஸ்கேன் பரிசோதனைக்கு, இராச்சாப்பாட்டுக்குப் பின் ஒன்றும் உண்ணாமல் காலையிற் செல்லவேண்டும். பை நிரம்பியிருந்தால்தான் கல் நன்றாய்த் தெரியும்.