பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

(சங்கரன்கோவிலில் நிகழ்ந்த நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



தறியைப் பற்றிப் பேசத் தமிழாசிரியன் எதற்கு என்று சிலர் எண்ணலாம். யான் இலக்கணம் கற்பிப்பவனே ஆயினும், விசைத்தறியின் ஒலியிலே பிறந்து வளர்ந்தவன். நன்னூற் சூத்திரங்களை நெட்டுருச் செய்ததும் அவ்வொலியின் நடுவேதான். அன்றியும், இவ்விஷயத்தில் யான் ஒரு பிழை செய்தேன். அதனைச் சபையறியச் சொல்லிவிடுதல் நன்றென்றே ஈண்டு நிற்கின்றேன்.

நம் ஊரில் நான்கு தறி, ஆறு தறி வைத்துச் சேலை நெய்யும் குடும்பங்கள் பல. தந்தை ஓட்டிய தறியையே மகனும் ஓட்டுகின்றான். அத்தறி நாளுக்கொரு பழுது காட்டத் தொடங்கியதும், செப்பனிட்டு ஓட்டுவதா, பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டு நாடாவில்லாத் தறி வாங்குவதா என்ற வினா வீட்டில் எழுகின்றது.

தறி பழையதாயிற்று என்கின்றோம். தறியில் எது பழையதாயிற்று என்று பார்ப்பதில்லை. நாடாவும், அதனை எறியும் பிக்கரும், தோல் வாரும், புஷ்களும் தேய்வதற்கென்றே அமைந்தவை. அவற்றை மாற்றுதல் விளக்குக்கு எண்ணெய் வார்ப்பது போன்றது. அதனைப் பழுதென்றே எண்ணற்க. பக்கச் சட்டங்களோ வார்ப்பிரும்பு. விரிசல் விழாதவரை ஒரு தலைமுறைக்கு மேலும் நிற்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட கிராங்க் தண்டும் பற்சக்கரங்களுமே நம்மை ஐயத்தில் ஆழ்த்துவன. தண்டு தேய்ந்து ஆடினால் அச்சு ஊடையை ஒரே சீராக அடிக்காது. துணியில் அடர்த்தியும் தளர்ச்சியுமாகப் பட்டை விழும். வியாபாரி கூலியைக் குறைப்பார்.

எங்கள் வீட்டில் நிகழ்ந்தது இதுவே. எந்தையார் விட்டுச்சென்ற தறிகள் நான்கு. அவற்றுள் இரண்டில் தண்டு தேய்ந்தது. புதுத் தண்டு போடலாம் என்றான் என் தம்பி. நாலெழுத்துப் படித்த செருக்கினால், "இன்னும் எத்தனை நாளைக்குடா இந்தப் பழைய இரும்பு?" என்று அவனைத் தடுத்து, அவ்விரண்டையும் விற்கச் செய்து, வெளியூரிலிருந்து பிறர் ஓட்டிய நாடாவில்லாத் தறியொன்றை வாங்கச் செய்தேன். கடனும் பட்டோம்; தம்பி மனைவியின் சங்கிலியும் அடகுக்குப் போயிற்று. மூன்று மாதம் பழைய தறியைப்போல் இருமடங்குக்கு மேல் விரைந்து ஓடிற்று. பின்னர் ஒருநாள் அதன் மின்னணுப் பலகை கெட்டது. எத்தறியையும் அரமும் சுத்தியலும் கொண்டு எழுப்பிவிடும் நம்மூர் மெக்கானிக்குகள் பார்த்துத் தலையசைத்துச் சென்றனர். பலகை வெளியூர் சென்று திரும்ப 24 நாள் ஆயிற்று. தவணை நாள் மட்டும் தவறாது வந்தது. "அண்ணே, பழைய தறி நின்னா நானே தட்டி ஓட்டிருவேன். இது நின்னா நானும்லா நிக்கேன்" என்றான் தம்பி. யான் ஒன்றும் விடை கூறவில்லை. அச்சங்கிலி இன்றும் மீளவில்லை. அதற்குரியவள் இச்சபையில்தான் இருக்கின்றாள். அவள் இசைவு பெற்றே இதனைச் சொன்னேன்.

இதனாற் புதுப்பொறி தீது என்பது என் கருத்தன்று. எம் உறவினர் ஒருவர், விரிசல் விழுந்த பக்கச் சட்டத்தை மீண்டும் மீண்டும் பற்றவைத்தே ஓட்டினார். வார்ப்பிரும்பு பற்றை எளிதில் ஏற்பதில்லை. ஒட்டிய இடத்தின் அருகே மீண்டும் வெடித்தது. ஈராண்டிற் கணக்குப் பார்த்தபொழுது, அச்செலவில் நல்ல தறியொன்றே வாங்கியிருக்கலாம் என்று கண்டார். கடற்கரையில் வள்ளத்தின் புறப்பொறியைப் பற்றியும் இதே வினா உண்டு. ஆயின் நடுக்கடலிற் பொறி நின்றால் உயிருக்கே மோசம். ஆதலின் அவர்கள் முன்னதாகவே மாற்றுதல் தகும். நம் தறி நின்றால் கூலி மட்டுமே போகும். நமக்குக் கணக்குப் பார்க்க அவகாசம் உண்டு; பார்ப்பதுதான் இல்லை.

நிற்க, நாம் நெய்வது சேலை. நாடா ஊடையை அறுக்காமல் கொண்டுபோய்த் திரும்பக் கொணர்வதால் இரு விளிம்பும் தாமே மூடிக்கொள்கின்றன. நாடாவில்லாத் தறியோ ஒவ்வோர் ஊடையையும் அறுக்கின்றது. விளிம்பைக் கட்டத் தனி உறுப்பு வேண்டும். சட்டைத் துணிக்கு இது குறையன்று. சேலைக்கு விளிம்பே முகம்.

மின்சாரத்தையும் எண்ணுக. 2016இல் இரு திங்களுக்கு 750 யூனிட்டாக உயர்ந்த விசைத்தறி இலவச மின்சாரம், 2023இல் 1000 ஆயிற்று. ஒரு குதிரைத்திறன் மோட்டார் முழுச்சுமையில் மணிக்கு ஏறக்குறைய முக்கால் யூனிட் கொள்ளும். நாளொன்றுக்குப் பத்து மணியாக 50 நாளைக்கு 375. இரு தறிகள் இலவசத்துள் அடங்கிவிடும். மூன்று குதிரைத்திறன் கொண்ட புதுத்தறி ஒன்றே 1100ஐத் தாண்டும்.

இனி, நடுவழியும் ஒன்று உண்டு. சட்டம் உறுதியாயின், அதே தறியிற் பாவிழை அறுந்ததும் தானே நிற்கும் அமைப்பு முதலியவற்றைப் பொருத்தலாம். 2017இல் தொடங்கிய பவர்டெக்ஸ் இந்தியா திட்டத்தில், பொதுப் பிரிவினருக்கு இச்செலவிற் பாதியை, தறிக்கு 45,000 ரூபாய்க்கு மேற்படாமல், மத்திய அரசு வழங்கியது. அன்று இதனை அறிந்தும் நம்மவருட் சிலர் மனுக்கொடுக்க நாணினர்! பழையதைத் தள்ளுவதே முன்னேற்றம் என்று நினைப்போர் லங்காஷயரை நினைக்க. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பழந்தறியை உடைப்போருக்கு இங்கிலாந்து அரசு பணம் கொடுத்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தறிகள் உடைபட்டன. உடைத்த பணத்தைப் பெற்றவருட் பலர் புதுத்தறி வாங்காமலே தொழிலை விட்டனர்.

ஆதலின் யான் வேண்டுவது இது. ஒவ்வொரு தறிக்கும் ஓர் ஏடு வையுங்கள். நின்ற நாள், காரணம், மாற்றிய உறுப்பு, செலவு, இழந்த கூலி ஆகியவற்றை எழுதுங்கள். ஓராண்டில் இவற்றின் தொகை புதுத்தறியின் ஓராண்டுத் தவணையை எட்டுமாயின் மாற்றலாம், எட்டாதாயின் செப்பனிடுங்கள். மாற்றுவதாயினும், பலகை கெட்டால் எவர் வருவார், எத்தனை நாளில் வருவார் என்று கேட்டறிந்த பின்னரே முன்பணம் கொடுங்கள். நம் பிள்ளைகள் இருவரை அம்மின்னணு வேலை பயில அனுப்பச் சங்கம் பொருள் உதவ வேண்டுமென்றும் கேட்டுக்கொள்கின்றேன்.

அடுத்த கூட்டத்துக்கு எங்கள் வீட்டு ஏட்டைக் கொண்டுவருவேன். அந்த 24 நாளும் அதில் எழுதப்பட்டுள்ளன, விரும்புவோர் பார்க்கலாம்.