பேருந்தில் வருபவருக்கு வழி எங்கே?

(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வணிகர்களுக்கும் இளைஞர்களுக்கும் ஆற்றிய உரை)



தலைநகரில் சிராக் தில்லி என்றொரு பகுதி உண்டு. நிஜாமுத்தீன் அவுலியாவின் கலீஃபாவான நஸீருத்தீன் சிராக் தெஹ்லவி 1356-இல் மறைந்து அங்கேதான் அடங்கியிருக்கிறார்கள். அந்த நாற்சந்தியை ஒட்டி, சாலையின் நடுவிலேயே, 2008-இல் ஒரு பேருந்து நிறுத்தம் எழுந்தது. அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்கு நடுச்சாலையைப் பேருந்துக்கென்றே ஒதுக்கினார்கள். காருக்கு ஒரு தடம், சைக்கிளுக்கு ஒரு தடம், நடப்பவருக்கு நடைபாதை. புதிதாகச் சாலை வரவில்லை. இருந்ததைப் பங்கு பிரித்தார்கள், அவ்வளவே. பாகப்பிரிவினை என்றாலே சண்டைதானே!

கார்க்காரர்கள் கொதித்தார்கள். "பக்கத்துத் தடம் காலியாகக் கிடக்க, நாங்கள் நெரிசலில் நிற்பதா?" என்றார்கள். காலியாகத் தெரிந்த தடத்தில் ஒரு பேருந்து போனால் 60 பேர் போகிறார்கள். அந்த 60 பேரும் ஆளுக்கொரு காரில் வந்தால் என்ன ஆகும்? தடத்தை மூடச் சொல்லி வழக்கு வந்தது. 2012 அக்டோபரில் உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆனாலும் கூச்சல் ஓயவில்லை; 2016-இல் அரசே இடித்துத் தள்ளியது.

குறை இல்லாமல் இல்லை. சிக்னலில் காத்திருப்பு நீண்டது. நடுவிலுள்ள நிறுத்தத்துக்குக் கார் தடத்தைக் கடந்துதான் போக வேண்டும். ஆனால் 2009-இல் அகமதாபாத்தில் தொடங்கிய ஜன்மார்க்கில் சீட்டை நிலையத்திலேயே வாங்கிக்கொண்டு, பேருந்தின் தளத்துக்குச் சமமான மேடையிலிருந்து ஏறுகிறார்கள். திருத்த வழியிருந்தும் தில்லி இடித்தது ஏன்? காரில் வந்தவர் பத்திரிகையிடம் பேசினார். பேருந்தில் வந்தவர் வேலைக்கு நேரமாகிறதென்று ஓடிவிட்டார்.

இதை இங்கே ஏன் சொல்கிறேன்? மதுரை–கொல்லம் நெடுஞ்சாலை நம் இரண்டு ஊர்களையும் ஊடறுத்துப் போகிறது. இங்கே யாரும் தனித்தடம் போடப் போவதில்லை. ஆனால் பங்குச் சண்டை இங்கும் உண்டு. நடைபாதையில் நம் கடைப்பலகை. அதற்கு முன்னால் நம் பைக். (என் மச்சான் கடையும் அப்படித்தான், சொல்லிக் கேட்டபாடில்லை.) நிறுத்தம் கடை முன்னால் வந்தால் வியாபாரம் கெடும் என்கிறோம். ராவுத்தரே, உங்கள் கல்லாவைக் கேளுங்கள்! 2021 மே முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மில்லுக்குப் போகிறவரும் காய் விற்கிறவரும் அதில்தான் வந்திறங்குகிறார்கள். துணியும் பாத்திரமும் வாங்குவது அவர்களல்லவா? கைக்குழந்தையோடு லாரிக்கும் நம் பலகைக்கும் நடுவே நெளிந்துதான் கடைக்குள் நுழைய வேண்டுமா?

பாதையின் இடைஞ்சலை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று ஜும்ஆவில் கேட்கிறோம். முள்ளையும் கல்லையும் மட்டுமே நினைத்துக்கொள்கிறோம்.

இளைஞர்களே! ஒரு வாரம் நிறுத்தங்களில் நின்று, ஏறி இறங்குவோரை எண்ணி எழுதுங்கள். நிழற்குடையும் நடைபாதையும் கேட்டு நகராட்சிக்கு மனு எழுத அந்தக் கணக்கு வேண்டும். வணிகர்களே! நீங்களும் கையெழுத்திட வாருங்கள். பலகையை உள்ளே இழுத்துவிட்டு வாருங்கள்.