பத்தாண்டு என்னும் அளவுகோல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒப்பியல் நோக்கில் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். ராக் இசையைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். செயலாளர் சற்றே திகைத்தார். தொல்காப்பியத்தில் தொடங்கியாவது அங்கே போகலாமே என்றார். நேராகவே போய்விடுகிறேன். அதற்குக் காரணம் உண்டு.

நம் மாதக் கூட்டங்களில் கவிதை வாசிப்பு முடிந்து தேநீர் வந்ததும் தவறாமல் எழும் வழக்கு ஒன்றை நீங்கள் அறிவீர்கள். 1970களின் கவிதை உயர்ந்ததா, இன்றைய கவிதை உயர்ந்ததா என்பதே அது. பத்தாண்டுகளாக அவ்வழக்கு தீரவில்லை. தேநீர் ஆறியதுதான் மிச்சம். நம் வீட்டு வழக்கில் நாம் எல்லோருமே கட்சிக்காரர்கள். ஆகவே, அயல்வீட்டில் அதே வழக்கு எவ்வாறு நடைபெறுகிறது என்று பார்த்து வருவது நல்லது எனக் கருதினேன். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 1950களின் நடுப்பகுதியில் உருப்பெற்ற ராக் இசையில், எந்தப் பத்தாண்டு பொற்காலம் என்னும் பூசல் நம்முடையதைக் காட்டிலும் உரத்த குரலில் இன்றளவும் நடைபெற்று வருகிறது.

நான் எந்தக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1990களின் கட்சி. முதுகலை பயின்றபோது விடுதி அறைத்தோழியிடம் இருந்த ஒலிநாடா ஒன்றில் நிர்வாணா என்னும் குழுவின் பாடல்களைக் கேட்டேன். (வீடுபேற்றைக் குறிக்கும் அப்பெயர் தமிழ்ச்செவிக்கு வேறு பொருள் தந்து, விடுதிக் காப்பாளரை முகம் சுளிக்க வைத்தது தனிக்கதை.) அக்குழுவின் பாடகர் கர்ட் கோபேன் 1994இல் தம் 27ஆம் வயதில் மறைந்துவிட்டிருந்தார். அது தெரியாமலேயே, அவர் நம்மோடு இப்போது பேசுகிறார் என்ற எண்ணத்துடன் கேட்டேன். அவ்வாறு கேட்ட ஒன்றை விஞ்சும் இசை உலகில் இல்லை என்று நெடுநாள் நம்பினேன். இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைத்தான் இன்று சோதிக்க விரும்புகிறேன்.

முதலாவது, பத்தாண்டு என்னும் அளவுகோலையே ஐயுற வேண்டியிருக்கிறது. பீட்டில்ஸ் குழுவினரின் முதல் இசைத்தொகுப்பில் 14 பாடல்கள். அவற்றுள் 10 பாடல்கள் 1963 பிப்ரவரி 11 அன்று, ஒரே நாளில், லண்டன் ஆபி ரோட்டில் இருந்த ஈ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவுசெய்யப்பட்டவை. ஒலியை இரண்டே தடங்களில் பதியும் கருவி. ஜான் லெனனுக்கு அன்று கடுஞ்சளி. தொண்டையைக் கிழித்துவிடக்கூடிய ஒரு பாடலை வேண்டுமென்றே இறுதிக்கு ஒத்திவைத்தனர்; அதன் முதற்பதிவே தொகுப்பில் இடம்பெற்றது. இன்று கேட்டாலும் அக்குரலில் உள்ள புண் நம் தொண்டையில் உறுத்துகிறது. நான்காண்டுகள் கழித்து, 1967இல் வெளிவந்த 'சார்ஜண்ட் பெப்பர்' தொகுப்புக்கோ அதே நால்வர் அதே கூடத்தில் ஐந்து மாத அளவு செலவிட்டனர். நான்கு தடக் கருவியில் ஒலிமேல் ஒலியாக அடுக்கினர். முன்னது மேடையின் வேர்வை. பின்னது சிற்பக்கூடத்தின் பொறுமை. இரண்டையும் '1960களின் இசை' என்று ஒரே பெட்டியில் இடுகிறோம். பெட்டிக்கு வசதி, பாடலுக்கு நீதியன்று.

1973இல் பிங்க் ஃபிளாய்ட் குழுவினர் ஏறத்தாழ 43 நிமிடம் ஓடும் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' தொகுப்பை ஒரே நெடும்பாடல் போல அமைத்தனர். 1976இல் நியூயார்க்கின் ரமோன்ஸ் குழு, 14 பாடல்களை அரைமணி நேரத்துக்குள் பாடி முடித்துவிட்டது. இரண்டும் 1970கள்தாம். ஒன்று மற்றதன் மறுப்பு. நெடுங்கவிதை எழுதுவோரும் துளிப்பா எழுதுவோரும் ஒரே கூட்டத்தில் அமர்ந்து ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்ப்பதை அறிந்த இவ்வவைக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை.

அண்மைக்காலச் சான்று ஒன்று இன்னும் வியப்பானது. லெனன் 1970களின் இறுதியில் தம் இல்லத்தில் ஒலிநாடாவில் பாடி வைத்திருந்த ஒரு பாடல், 'நவ் அண்ட் தென்' என்னும் பெயரில் 2023 நவம்பரில் வெளியாயிற்று. பியானோ ஒலியில் அமிழ்ந்திருந்த அவர் குரலைக் கணினியின் துணையால் பிரித்தெடுத்தனர். 2001இல் மறைந்த ஜார்ஜ் ஹாரிசன் 1995இல் வாசித்த கிதார் அதில் ஒலிக்கிறது. எஞ்சிய இருவரும் தங்கள் முதுமையில் உடன் சேர்ந்துகொண்டனர். இப்பாடல் எந்தப் பத்தாண்டைச் சேர்ந்தது? சுவடியில் ஒரு கை, உரையில் ஒரு கை, பதிப்பில் ஒரு கை எனப் பல காலத்தவர் கைபட்ட நூல்களோடு பழகிய நமக்கு இவ்வினா புதிதன்று.

காலம் பாடலுக்குள் நுழைவது பெரும்பாலும் கருவியின் வழியாகத்தான் என்பது என் துணிபு. நிமிடத்திற்கு 45 சுற்று சுழலும் சிறு தட்டு மூன்று நிமிடப் பாடலைப் பழக்கிற்று. 1965இல் பாப் டிலன் ஆறு நிமிடத்திற்கு மேற்பட்ட பாடலை வெளியிட்டது அப்பழக்கத்தை மீறியதாலேயே செய்தியாயிற்று. 1982இல் குறுந்தகடு விற்பனைக்கு வந்து, எழுபது நிமிடத்துக்கும் மேல் இடம் கிடைத்ததும், இடம் இருக்கிறதே என்பதற்காகவே தொகுப்புகள் நீண்டன. என் அன்புக்குரிய 1990களின் தொகுப்புகளில் பலவற்றை இன்று கேட்கையில் மூன்றில் ஒரு பங்கை நீக்கியிருக்கலாம் என்றே தோன்றுகிறது. அச்சுச்செலவு குறைந்த பின் நம் கவிதைத் தொகுதிகளுக்கு நேர்ந்ததும் இதுவே. யாரையும் குறிப்பாகச் சொல்லவில்லை.

1980களின் பாடல்களை என்னால் நெடுங்காலம் பொறுக்க முடிந்ததில்லை. முழங்கி எழும் டிரம்ஸ் ஒலி, கதவை அறைந்து சாத்தியதுபோல் சட்டென அறுபடும். அதனைத் தொடர்ந்து மின்விசைக் கருவிகளின் பளபளப்பு. 1981இல் எம்.டி.வி. தொடங்கிய பின் செவிக்கு விருந்து வைக்கும் முன் கண்ணுக்கு வைத்தார்கள் என்பது என் குற்றச்சாட்டு. மிகப் புதிதாக இருப்பதே மிக விரைவில் பழசாகும் என்று வகுப்பில் சொல்லியும் வந்தேன். சில ஆண்டுகள் எல்லாக் கவிதைகளிலும் தென்பட்டுப் பின் மறைந்துபோன படிமங்களை எடுத்துக்காட்டாகத் தருவேன். ஆனால், 2010களில் இளையோர் பலர் நான் பழித்த அதே ஒலியைத் தேடிப் பிடித்துத் தம் பாடல்களில் மீண்டும் வைத்தனர். என் மாணவியொருத்தி, "அதில் ஒரு தனிமை இருக்கிறது, அம்மா" என்றாள். நான் பளபளப்பைக் கேட்ட இடத்தில் அவள் தனிமையைக் கேட்டிருக்கிறாள். மறுநாள் மீண்டும் கேட்டுப் பார்த்தேன். முழுவதும் உடன்பட இயலவில்லை. முழுவதும் மறுக்கவும் இயலவில்லை.

அப்படியாயின் காலங்களை ஒப்பிடுவதற்கு முறையே இல்லையா? ஒன்று உண்டு. ஒரே பாடலைப் பல காலத்தார் பாடியிருப்பின் அவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பது. டிலன் 1967இல் வெளியிட்ட 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்' பாடலில் கிதாரும் வாயிசைக் கருவியும் சிறு தாளமுமே துணை. ஒதுங்கி நின்று செய்தி சொல்பவரின் குரல். அடுத்த ஆண்டே ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அதே சொற்களைப் புயலின் நடுவே கொண்டுபோய் நிறுத்தினார். பிற்காலத்தில் மேடையில் அப்பாடலை டிலனே ஹென்ட்ரிக்ஸின் போக்கில் பாடத் தலைப்பட்டார். மூலநூலாசிரியர் உரையாசிரியரைப் பின்பற்றிய அரிய நிகழ்ச்சி இது.

இன்னொன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். நைன் இஞ்ச் நெய்ல்ஸ் குழுவின் டிரென்ட் ரெஸ்னர் 1994இல் 'ஹர்ட்' என்னும் பாடலை வெளியிட்டார். அப்போது அவருக்கு முப்பது வயது நிரம்பவில்லை. தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் இளைஞன் ஒருவனின் முணுமுணுப்பு, இரைச்சலில் முடிவது அப்பாடல். 2002இல் ஜானி கேஷ், தம் 70ஆம் வயதில், உடல் நலிந்திருந்த நிலையில் அதனைப் பாடினார். 1950களில் மெம்ஃபிஸ் நகரின் சன் நிறுவனத்தில் பாடத் தொடங்கியவர் அவர். ஏறத்தாழ எல்லாச் சொற்களும் அவையே. ஒரு வசைச்சொல்லை மட்டும் நீக்கி, ஏசுநாதர் தலையில் சூட்டப்பட்ட முள்முடியை அங்கே வைத்தார். ஒரு சொல் மாறியதும், தன்னிரக்கம் கணக்கு ஒப்புவித்தலாக மாறிவிட்டது. இளைஞன் இழந்துவிடுவேனோ என அஞ்சியதை முதியவர் இழந்தே விட்டார் என்பதைக் குரலின் நடுக்கம் சொல்கிறது. அதன் ஒளிப்படக் காட்சியில் பின்னால் நின்று கணவரையே நோக்கும் ஜூன் கார்ட்டர் 2003 மே மாதத்தில் மறைந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் கேஷும் மறைந்தார். பாடல் இனித் தம்முடையதன்று என்னும் உணர்வு தமக்கு ஏற்பட்டதாக ரெஸ்னரே பின்னர்க் கூறியுள்ளார். எது சிறந்தது? இருபதுகளில் ரெஸ்னர் என்றிருப்பேன். இப்போது கேஷ் என்கிறேன். இரண்டு விடைகளிலும் என் வயது கலந்திருக்கிறது.

இந்த வயதுக் கலப்பை ஆய்ந்தவர்களும் உள்ளனர். ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1989இல் வெளியிட்ட கட்டுரையில், ஒருவர் ஏறத்தாழ 24 வயதில் இருந்தபோது புகழ்பெற்றிருந்த பாடல்களே அவருக்கு வாழ்நாளெல்லாம் மிகவும் பிடித்தவையாக இருக்கின்றன எனக் கண்டனர். இதைப் படித்தபோது எனக்கு நாணமாக இருந்தது. நெடுநாள் நான் திறனாய்வு என்று கருதிவந்தது பிறந்த ஆண்டின் விளைவுதானா?

முழுவதும் அப்படியன்று என்பதற்கு என்னிடம் ஒரு சான்று உண்டு. ஜோனி மிட்செலின் 'புளூ' 1971இல் வெளிவந்தது. நான் பிறப்பதற்கும் முன். இருபது வயதில் கேட்டபோது சலிப்பூட்டியது. நாற்பதில் கேட்டபோது, அலங்காரம் ஏதுமின்றி ஒரு பெண் தன் பிழைகளையும் ஆசைகளையும் தானே எண்ணிச் சொல்வதன் துணிவு புரிந்தது. அது என் இளமையின் பாடலன்று. அதற்கு நான் வந்து சேர வேண்டியிருந்தது.

அத்தொகுப்பை 'ரோலிங் ஸ்டோன்' இதழ் 2003இல் வெளியிட்ட தலைசிறந்த 500 தொகுப்புகளின் வரிசையில் 30ஆம் இடத்தில் வைத்திருந்தது. முதலிடம் 'சார்ஜண்ட் பெப்பர்'. அதே இதழ் 2020இல் புதிய வாக்காளர்களைக் கொண்டு வரிசையை மீண்டும் அமைத்தது. 'புளூ' மூன்றாம் இடத்திற்கு உயர்ந்தது. 'சார்ஜண்ட் பெப்பர்' 24ஆம் இடத்திற்கு இறங்கியது. மார்வின் கேயின் 1971ஆம் ஆண்டுத் தொகுப்பு முதலிடம் பெற்றது. தட்டுகளில் ஒரு கீறலும் கூடவில்லை, குறையவில்லை. மாறியவர் கேட்போர்.

யார் அமர்ந்து தெரிவு செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1986இல் ராக் இசையின் புகழ் மன்றத்தில் முதன்முதலாக இசைப்போர் வரிசையில் சேர்க்கப்பட்டவர்கள் அனைவரும் ஆண்கள். எல்விஸ் பிரெஸ்லியும் அவர்களுள் ஒருவர். அவர் 1956இல் பாடிப் புகழ்பெற்ற 'ஹவுண்ட் டாக்' பாடலை, 1952இலேயே பிக் மாமா தார்ண்டன் என்னும் கறுப்பினப் பெண் பாடிப் பதிவுசெய்திருந்தார். எல்விஸின் முதற்பதிவுக்குப் பத்தாண்டுகள் முன்னரே, 1944இல், தேவாலயப் பாடலை மின்கிதாரோடு பாடிப் பதிவுசெய்தவர் சிஸ்டர் ரோசெட்டா தார்ப். அவர் 1973இல் மறைந்தார். மன்றம் 2018இல் அவரை ஏற்றது. 1984இல் மறைந்த தார்ண்டனுக்கு 2024 வரை காத்திருக்க நேர்ந்தது. '1950களின் இசை' என்ற பெட்டியை மூடியவர்கள், அதைத் தொடங்கியவர்களை வெளியே விட்டே மூடினர்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். நம் ஆண்டுவிழா மலருக்குக் கவிதை தெரிவுசெய்த மூவருள் நானும் ஒருத்தி. பெயர்களை மறைத்தே கவிதைகளைப் படித்தோம். எனவே நடுநிலையாகத்தான் நடந்துகொண்டோம் என்று மகிழ்ந்திருந்தேன். பெயர்களைத் திறந்த பின் என் பட்டியலை எண்ணிப் பார்த்தேன். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், என்னைவிட ஐந்தாண்டு மூத்தவர்களும் ஐந்தாண்டு இளையவர்களும் எழுதியவை. பெயரை மறைத்தோம், ஆனால் ஓசையை மறைக்க முடியவில்லை. நான் 24 வயதில் படித்த கவிதைகளின் ஓசையை என் செவி இருட்டிலும் அடையாளம் கண்டு தழுவிக்கொண்டிருக்கிறது.

தள்ளிய கட்டினை மீண்டும் வாங்கி, இரண்டு இரவுகள் படித்தேன். பெரும்பாலானவற்றில் என் முதல் தீர்ப்பு மாறவில்லை. அதற்காக வருந்தவும் இல்லை. ஒரு கவிதையின் ஓரத்தில் மட்டும் 'கவிதையாகவில்லை' என்று பென்சிலால் எழுதியிருந்தேன். எழுதியவர்க்கு 22 வயது. கைப்பேசியில் வரும் சொற்களும் வீட்டில் பாட்டி பேசும் சொற்களும் அதில் ஒரே வரியில் நின்றன. அந்த முரண் பிழையன்று, அதுவே அவர் வாழும் வீடு என்பது இரண்டாம் இரவில்தான் எனக்குக் கேட்டது. பென்சில் குறிப்பை அழித்துவிட்டு, மற்ற இருவரிடமும் பேசி அதனைச் சேர்த்திருக்கிறேன். அதன் மூன்றாம் பத்தி எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. எழுதியவர் இந்த அவையில்தான் இருக்கிறார். தேநீர் வந்ததும் அவரிடமே அதைச் சொல்லப் போகிறேன்.