மீண்டும் ஓடுதல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கிய உரைக்கும் இன்னிசைக்கும் நடுவே, காலைப் பற்றிப் பேசுவதற்கென ஓர் இரயில்வே எழுத்தரை மேடையேற்றிய செயற்குழுவினரின் துணிவைப் பாராட்டுகிறோம். தமிழ் மேடைகளில் தலையின் பெருமையைப் பேசுவோர் பலர்; காலுக்குப் பரிந்து பேசுவோர் அரியர். ஆயினும் நம் குடியிருப்பில் நாற்பதைத் தாண்டியவர்கள் "முன்பெல்லாம் ஓடுவேன் சார், இப்போது கால் விடுவதில்லை" என்று சொல்லிக் கேளாத வாரமில்லை. அவர்களுக்காகவே இவ்வுரை.

நமக்கு நேர்ந்தது பெரிய விபத்தன்று. 1958இல் கவியரசர் இரவீந்திரரின் பெயர் பெற்றதே, அந்த ஏரியின் கரையில் விடியற்காலைதோறும் ஓடிக்கொண்டிருந்த நமக்கு, ஆடுசதையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் தடித்த நாணில் ஒரு வலி தோன்றியது. எலும்பு முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டு, நாள் குறித்து, அவிழ்த்து அனுப்பிவிடுவர். இதுவோ முறியவுமில்லை, ஆறவுமில்லை. கட்டிலை விட்டு இறங்கினால் முதல் பத்தடி நொண்டவைக்கும். காப்பி குடித்து முடிப்பதற்குள் மறைந்துவிடும். ஓடினாலோ மறுநாட் காலை கடன்காரன்போல வந்து நிற்கும். பதினான்கு திங்கள் இவ்வாறு கழிந்தன.

"நாற்பது கடந்தவருக்கு ஓட்டம் எதற்கு? நடந்தால் போதாதா?" என்று கேட்டார் ஒரு மருத்துவர். நியாயமான கேள்விதான். ஆனால் நம் தந்தையார் நாற்காலியும் மைக்கூடுமாக வாழ்ந்து, ஐம்பத்தைந்தாம் அகவையில் நீரிழிவு நோய்க்கு ஒரு காலைக் கொடுத்தவர். ஆகவே ஓட்டம் நமக்கு விளையாட்டாக இருந்ததில்லை.

ஓய்வெடுத்தால் குணமாகும் என்பதே உலக வழக்கு. ஓய்வு, பனிக்கட்டி, இறுகக் கட்டுதல், காலை உயர்த்தி வைத்தல் என்னும் நான்கையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகச் சுருக்கி 1978இல் பரப்பியவர் கேப் மிர்க்கின் என்னும் அமெரிக்க மருத்துவர். பனிக்கட்டியும் முழு ஓய்வும் ஆறுதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். நாட்பட்ட நாண்வலியில் இது மிகவும் உண்மை. ஓய்வில் வலி போகும். நாணின் வலிமையும் உடன் போகும்.

இதனை நம் இரயில்வேக்காரர் எளிதில் உணர்வர். தண்டவாளத்தின் அடியிலுள்ள சரளைக் கல்லைத் தோண்டிச் சலித்து மீண்டும் இட்ட பகுதியில், மறுநாளே விரைவு வண்டியை முழு வேகத்தில் விடுவதில்லை. பாதையை மூடியே வைப்பதுமில்லை. முதலில் மணிக்கு 20 கிலோமீட்டர், பின்னர் 45, பின்னர் 75 என்று படிப்படியாக வேகத்தை உயர்த்துவர். மெதுவாகப் போகும் வண்டிகளின் பளுவே சரளையை இறுக்கிப் பாதையை உறுதியாக்குகிறது. குதிநாணும் அத்தகையதே. பளு ஏற்றாமல் அது வலுப்பெறாது. ஒரேயடியாக ஏற்றினாலோ தாங்காது.

இவ்வுண்மையை மருத்துவ உலகில் நிலைநாட்டியவர் சுவீடன் நாட்டு அறுவை மருத்துவர் ஹோக்கன் ஆல்ஃப்ரெட்சன். அவருக்கே குதிநாண் வலி இருந்தது. அறுவை செய்யுமாறு மேலதிகாரியிடம் கேட்டார், அவர் மறுத்துவிட்டார். நாண் அறுந்துபோனால் அறுவை செய்துதானே ஆகவேண்டும் என்று எண்ணி, அதனை அறுப்பதற்காகவே குதிகாலைப் பளுவோடு தாழ்த்தித் தாழ்த்திப் பயிற்சி செய்தாராம். நாண் அறவில்லை, வலிதான் அகன்றது! பின்னர் அதனையே முறைப்படுத்தி, ஓட்டப் பழக்கமுடைய பதினைவரிடம் சோதித்து, 1998இல் முடிவை வெளியிட்டார். பன்னிரண்டு வாரத்தில் பதினைவரும் பழைய ஓட்டத்திற்குத் திரும்பினர். அவர்களின் சராசரி வயது 44 என்று படித்தபோது நமக்குண்டான மகிழ்ச்சியைச் சொல்லவேண்டியதில்லை. பிறகு நடந்த ஆய்வுகளில் எல்லோர்க்கும் அத்துணை நற்பயன் கிட்டவில்லை என்பதையும் மறையாமல் கூறிவிடுகிறோம்.

முறை எளியது. மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நிற்க வேண்டும். இரு காலாலும் எம்பி உயர்ந்து, நல்ல காலை எடுத்துவிட்டு, வலிக்கும் காலின் குதியைப் படிக்குக் கீழே மெல்லத் தாழ்த்த வேண்டும். முழங்காலை நீட்டியபடி பதினைந்து பதினைந்தாக மூன்று முறை; சற்று மடக்கியபடி அவ்வாறே மூன்று முறை. காலையும் மாலையும் செய்தால் நாளொன்றுக்கு 180 ஆகும். எளிதாகிவிட்டால் முதுகில் பளு ஏற்றலாம். நாம் ஏற்றியது ஐந்து கிலோ கோவிந்தபோக் அரிசி. மாடிப்படியில் அரிசிப் பையோடு ஏறாமலும் இறங்காமலும் நின்ற நம்மைக் கண்டு, கீழ்வீட்டு வங்காளப் பெரியவர் "கீ ஹோலோ, தாதா?" என்று கேட்காத நாளில்லை.

ஓட்டத்தை எப்போது தொடங்குவது? அரைமணி நேரம் விரைந்து நடந்தும் மறுநாட் காலை முதல் பத்தடி மோசமாகவில்லையெனில் தொடங்கலாம் என்று கொண்டோம். ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை. இவ்வாறு ஆறு சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள். பின்னர் இரண்டுக்கு மூன்று, மூன்றுக்கு இரண்டு, நான்குக்கு ஒன்று. சிறிதும் வலியே கூடாதென்பதில்லை. கரின் சில்பர்னாகல் என்னும் ஆய்வாளரும் குழுவினரும் சுவீடனில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், பத்துக்கு ஐந்து வரை வலியை அனுமதித்து, மறுநாட் காலைக்குள் அது தணியவேண்டும், வாரத்துக்கு வாரம் ஏறக்கூடாது என்னும் கட்டுப்பாட்டோடு ஓடவிட்டனர். அதனால் தீங்கு நேரவில்லை. நாம் மூன்றோடு நிறுத்திக்கொண்டோம்.

பதிவேடு எழுதுவது நம் தொழிலாயிற்றே! நாள், ஓடிய நிமிடம், மறுநாட் காலை எண் என மூன்று பத்திகள் இட்டோம். அதன் பயன் பூசைக் காலத்தில் தெரிந்தது. நவமி இரவில் குடும்பத்தோடு பந்தல் பந்தலாக நடந்து திரும்பிய மறுநாள் எண் ஐந்தைத் தொட்டது. பதிவேடு இல்லையேல் பழி ஓட்டத்தின் மேல் விழுந்திருக்கும். ஒரு நிமிடத்திலிருந்து இடைவிடாத முப்பது நிமிடத்தை அடையப் பத்தொன்பது வாரம் ஆயிற்று. வாரத்திற்குப் பத்தில் ஒரு பங்கே கூட்டவேண்டும் என்பார்கள். ஆலந்தின் குரோனிங்கனில் புதிதாக ஓடத் தொடங்கியோரிடம் இதைச் சோதித்து 2008இல் வெளியிட்டனர். மெல்லக் கூட்டிய குழுவிலும் மற்றதிலும் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் காயமுற்றனர். ஆகவே அது வேதவாக்கன்று; காலை எண்ணே நமக்கு மெய்யான அளவுகோல்.

பெரிய வீரர்களுக்கும் இதே வழிதானா என்று இளைஞர்கள் கேட்கலாம். தென்னக இரயில்வேயில் பணியாற்றிய பி.டி. உஷா, 1988இல் சியோலுக்குக் குதிகால் காயத்தோடு சென்று முதற்சுற்றிலேயே வெளியேறினார். தூற்றாத வாயில்லை. அடுத்த ஆண்டே டில்லியில் நடந்த ஆசியப் போட்டியில் நான்கு தங்கமும் இரண்டு வெள்ளியும் வென்றார்.

நம் நகரிலேயே பயிற்சி பெற்ற ஸ்வப்னா பர்மனை மறக்கலாகாது. ஜல்பாய்குரியில் ரிக்‌ஷா இழுத்தவரின் மகள். ஒவ்வொரு காலிலும் ஆறு விரல். கடையில் விற்கும் காலணி எதுவும் பொருந்தாது. போட்டால் வலி, போடாவிட்டால் ஓட்டமில்லை. முதுகும் முழங்காலும் பன்முறை வருத்தின. 2018இல் ஜகார்த்தாவில் பல்வலிக்குத் தாடையில் பட்டை ஒட்டிக்கொண்டு, ஏழு போட்டிகளில் 6026 புள்ளி பெற்றுத் தங்கம் கொணர்ந்தார். பின்னர் முதுகுவலியால் ஓய்வு பெறவும் எண்ணினார், ஆயினும் மீண்டார். 2023இல் ஹாங்சௌவில் 5708 புள்ளி. நான்கே புள்ளியில் வெண்கலம் தவறியது. தங்கத்தைக் காட்டிலும் இந்த நான்காம் இடமே நம்மை மிகவும் கவர்கிறது.

சில எச்சரிக்கைகள். 'டப்' என்ற ஓசையோடு குதிநாண் விட்டுப்போனாலோ, நுனிக்காலில் நிற்க இயலாவிட்டாலோ, எலும்பில் ஓரிடம் இரவிலும் வலித்தாலோ, படிக்கட்டை நாடாமல் அன்றே மருத்துவரிடம் செல்க. சிப்ரோபிளாக்சசின் போன்ற மருந்துகள் நாணை நலிவிக்கக்கூடும். உட்கொள்வோர் மருத்துவரிடம் கேட்டறிக. நீரிழிவு உடையோர்க்கு நாண் விறைப்பது இயல்பாதலால் இன்னும் மெதுவாகத் தொடங்குக.

ஞாயிறுதோறும் காலை ஐந்தரை மணிக்கு ஏரிக்கரையில் நம் குடியிருப்பினர் சிலர் கூடுகிறோம். ஒரு நிமிட ஓட்டக்காரர் மூவர் இருக்கின்றனர்; நான்காமவர்க்கு இடமுண்டு. பழைய காலணியும் ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் போதும். மழைக்காலத்தில் கரை வழுக்குமாதலால் அன்று மட்டும் நடை.